எடுகோள் மூன்று

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கணிதத் துறையிலும் தெருவிலும், பால் போடுகிறவர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் ‘சராசரி’தான். எதைக் கேட்டாலும் அதுதான் முதலில் அவர் வாயில் வரும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் சராசரி சொல்வார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் மனைவி ஆசையாக, “என்னைக் கட்டிக்கிட்டதுல உங்களுக்குச் சந்தோஷம்தானேங்க?” என்று கேட்டாள். “சராசரியா பார்த்தா, ஆமாம்” என்றார் மனிதர். அப்புறம் ஒரு வாரம் தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

அவருடைய ஆராய்ச்சி, வரிசை. ஜனங்கள் கால் கடுக்க நிற்கிறார்களே, அந்த வரிசையேதான். யார் எப்போது வந்து சேருவார், எவ்வளவு நேரம் நிற்பார், எந்த ஒழுங்கில் கூப்பிட்டால் காத்திருப்பு குறையும் என்பதற்கெல்லாம் ஒரு கணிதம் இருக்கிறது. நிகழ்தகவு பாதி, இருக்கிற வழிகளில் சிறந்தது எது என்று தேடுவது பாதி. விளையாட்டில்லை, நிஜமாகவே பெரிய படிப்பு. ஆனால் வரிசையைப் பற்றி எழுதியெழுதியே தலை நரைத்த இந்த மனிதர், பிறந்ததிலிருந்து ஒரு வரிசையில் உருப்படியாக நின்றதில்லை. கரண்ட் பில், கேஸ், பேங்க் எல்லாவற்றுக்கும் மனைவிதான்.

“நான் போய் நின்னா அந்த வரிசையோட இயல்பு கெட்டுடும். பார்க்கிறவன் உள்ள நுழையக் கூடாது” என்பார்.

“ஆமாமா. நீங்க நின்னா இயல்பு கெட்டுடும், நான் நின்னா காலு மட்டும்தானே கெடும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் அவள்.

வீட்டில் மனைவி, மகள் தவிர இன்னொருத்தியும் உண்டு. அவருடைய அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ‘லைன்ல இருங்க’ சொல்லியே ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால், “எனக்கு வந்ததெல்லாம் ராங் நம்பர்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்தார், டாக்டர் பட்டம் வாங்கினார். அதைச் சொல்லிக் காட்டுகிற ரகமில்லை. ஆனால் நாக்கு இருக்கிறதே, அப்பாடி! தம்பியைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது போகாது, அவள் சீண்டாவிட்டால் தம்பிக்கும் சோறு இறங்காது. வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் இந்த உலகத்தில் அவர் சராசரி பார்க்காமல் நேசித்த ஒரே ஜீவன் அவள்தான்.

அவருடைய பெயரைத் தூக்கி நிறுத்திய விதி ஒன்று இருக்கிறது. வேலை சின்னதாக இருப்பவரை முதலில் அனுப்பு, பெரிய வேலைக்காரரைக் கடைசியில் வை. தீப்பெட்டி வாங்க வந்தவர், மாசச் சாமான் முழுக்க வாங்குகிறவருக்குப் பின்னால் நிற்பானேன்? தீப்பெட்டிக்காரரை முன்னால் விட்டால் எல்லோருடைய காத்திருப்பையும் கூட்டி வகுத்து வரும் சராசரி குறையும். இதற்கு நிரூபணமே இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. விதியைக் கண்டுபிடித்தது இவரில்லை, எந்தக் காலத்திலோ யாரோ நிரூபித்து வைத்தது. இவர் அதற்கு வாலும் தலையும் ஒட்டவைத்துக் கட்டுரை கட்டுரையாக வெளியிட்டார்.

முதல் பரிசோதனை வீட்டில்தான் நடந்தது. இருப்பது ஒரு குளியலறை. காலையில் எல்லோருக்கும் அவசரம். சராசரி ஒரு காகிதத்தை எடுத்துக் கதவில் ஒட்டினார். சீக்கிரம் குளிப்பவள் மகள், அவள் முதலில். அடுத்து மனைவி. முழங்கால் வலியோடு மெல்ல நகர்ந்து குளிக்கிற அக்கா கடைசி. பேப்பரும் கையுமாக உள்ளே போனால் ஊரே விழித்தெழுந்து வேலைக்குப் போன பிறகுதான் வெளியே வருகிற அவரோ, “ஆராய்ச்சி செய்யறவன் பரிசோதனைக்கு வெளியில இருக்கணும்” என்று சொல்லி எல்லோருக்கும் முன்னால் நுழைந்துவிடுவார். ஊருக்குத்தானே உபதேசம்! அக்காவின் முறை வரும்போது ஹீட்டரில் வெந்நீர் தீர்ந்திருக்கும். கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு எல்லோரும் போன பின் மத்தியானத்தில் குளிக்க ஆரம்பித்தாள்.

“பார்த்தியா? இப்பல்லாம் காலையில வரிசையே இல்லை” என்று பூரித்துப்போனார் சராசரி.

“வரிசை இல்லாம போகலைங்க. அண்ணிதான் இல்லாம போயிட்டாங்க” என்றாள் மனைவி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில்தான் பெரிய ஆஸ்பத்திரி அவரைத் தேடி வந்தது. அங்கே கண் பிரிவில் கூட்டம் தாங்கவில்லை. காத்திருப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடம் ஆஸ்பத்திரித் தலைவரை வாட்டி எடுத்தது. தலைவருக்கு டாக்டர்களைக் கூட்ட வழியில்லை, அறைகளைக் கூட்ட வழியில்லை. மூன்றாவதாக யாரோ இவர் பெயரைச் சொன்னார்கள். இருப்பதை வைத்துக்கொண்டே சராசரியைக் குறைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? உடனே கார் அனுப்பினார்.

சராசரி போய்ப் பார்த்தார். நீளமான கூடம், இரும்பு பெஞ்சுகள், சுவரில் நம்பர் ஒளிரும் பலகை, அதன்கீழ் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனம். பார்த்தார் என்றால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு விதியை எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் இருக்கும் நர்ஸ் ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்பார். சொட்டு மருந்து, கண் சிவப்பு, கண்ணாடி பவர் என்றால் முன்னால் போகலாம். சர்க்கரை, பிரஷர், மருந்து விட்டுக் கண்மணி விரியும்வரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டியவர் என்றால் பின்னால். புதிதாகச் சின்னக் கேஸ் வந்தால், இந்தப் பெரிய கேஸ் அவருக்கும் பின்னால்.

கம்ப்யூட்டரில் இதை ஏற்ற வந்த பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். “சார், சாயங்காலம் மூடும்போது சிலர் பார்க்கப்படாம மிச்சம் இருந்தா, அந்த டோக்கன என்ன பண்றது?”

சராசரிக்கு எரிச்சல் வந்தது. தன் கட்டுரையைத் திறந்து எடுகோள் மூன்றைக் காட்டினார். கணக்கு ஓடுவதற்காக முதலிலேயே ‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்று எழுதிக்கொள்வார்களே, அதில் மூன்றாவது. ‘நோயாளிகள் எல்லையற்ற பொறுமை உடையவர்கள். வந்த எவரும் மருத்துவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை.’ அந்த வரி இல்லாவிட்டால் சமன்பாட்டின் முடிச்சு அவிழாது. அதற்காக, நோயாளியை ஒரு வார்த்தை கேட்காமலே நோயாளியின் பொறுமைக்கு எல்லை இல்லை என்று எழுதியாகிவிட்டது.

“அப்படி யாரும் இருக்க மாட்டாங்கம்மா. இருந்தா அது பதிவுல வந்த பிழை. அழிச்சிடுங்க” என்றார். அந்தப் பெண்ணும் அப்படியே செய்துவிட்டுப் போனாள்.

சராசரி மளமளவென்று இறங்கியது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மேலிடத்துக்கு வரைபடம் போட்டு அனுப்பினார். சராசரி கட்டுரை எழுதினார், பாராட்டு வந்தது. துறையில் அவருக்கு எதிர் அறையில் இருந்த நிகழ்தகவுக்காரர் மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், “எல்லாம் சரி, நடுவுல எழுந்து வீட்டுக்குப் போனவங்கள எதுல சேர்த்தீங்க?”

“எடுகோள் மூணைப் படிங்க. போறவங்களே இல்லை.”

“அடேயப்பா! அப்ப நோயாளிங்கள நீங்களே வீட்ல செஞ்சு அனுப்புறீங்களா?”

பொறாமை என்று முடிவுகட்டினார் சராசரி. அதன்பின் எதிர் அறைக்காரரோடு டீ குடிப்பதில்லை.

அந்த நாட்களில்தான் அக்கா ஒருநாள் காலையில், “வலது கண்ணுல கருப்பா நூல் நூலா மிதக்குதுடா. துடைச்சாலும் போக மாட்டேங்குது” என்றாள். அவளுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம்.

“நம்ம ஆஸ்பத்திரிக்குப் போக்கா. இப்ப அங்க காத்திருக்கவே வேண்டாம்” என்றார் தம்பி பெருமையாக. போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

“உன் ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடவே இல்லடா. எனக்கு அப்புறம் வந்தவன், அவனுக்கு அப்புறம் வந்தவன், எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறான். எனக்குச் சுவர்ல இருக்கிற நம்பரைப் பார்த்தே பார்வை போயிடும் போல இருக்கு. கடைசியில ‘நாளைக்கு வாங்க’ங்கிறாங்க.”

“அது தற்செயல்கா. இன்னைக்குச் சின்னக் கேஸ் நிறைய வந்திருக்கும். சராசரியா பார்த்தா நீ சீக்கிரமாத்தான் பார்க்கப்படுற.”

“நான் பார்க்கப்படவே இல்லைங்கிறேன், சீக்கிரமாங்கிற!”

“ஒரு ஆளை வச்சு முடிவு பண்ணக் கூடாதுக்கா.”

“நான் ஒரு ஆள்தான்டா. ரெண்டு பேரா போக முடியுமா என்னால?”

மனைவி குறுக்கே வந்தாள். “தலைவருக்கு ஒரு போன் போடுங்களேன். உங்க அக்கான்னா உடனே பார்ப்பாங்க.”

சராசரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் சொந்தக்காரங்கள நானே உள்ள தள்ளினா ஆராய்ச்சி சுத்தமா இருக்குமா?”

“சுத்தம் சோறு போடும்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணு குடுக்கும்னு கேள்விப்படலை” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுபடியும் போனாள். நேற்று நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள் என்பது அங்கே எந்தக் கணக்கிலும் இல்லை. புது டோக்கன், புதிதாக வந்தவள், மறுபடியும் கடைசி. திரும்பி வந்து புகார் சொன்னால் தம்பி தாளில் வட்டமும் அம்புமாகப் போட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு தடவை அந்த விளக்கத்தைக் கேட்டாள். அதற்குக் கண்ணே போகலாம் என்று தோன்றியிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டாள். “போயிட்டு வந்தியாக்கா?” என்று கேட்பார். “போயிட்டு வந்தேன்” என்பாள். பார்த்துவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மருந்து எங்கே, சீட்டு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. மேதைகளுக்கு இதெல்லாம் தோன்றாது போலிருக்கிறது.

அவள் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். வாசற்படியில் ஒருமுறை தடுக்கி விழப் பார்த்தாள். தம்பியைச் சீண்டுவதும் குறைந்துபோனது. வீடு அமைதியாக இருப்பது எழுதுவதற்கு வசதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சராசரி. அவருக்கு விருது அறிவித்திருந்தார்கள், ஏற்புரை எழுத வேண்டியிருந்தது.

விருது விழா ஆஸ்பத்திரியின் மாடி அரங்கிலேயே. புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். “அக்கா வரலையா?” என்று மனைவியைக் கேட்டதற்கு, “காலையிலயே கிளம்பிட்டாங்க, எங்கேன்னு சொல்லலை” என்றாள். விழா தொடங்குமுன் விருந்தாளிகளுக்குக் கீழே கூடத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று தலைவர் ஆசைப்பட்டார். எல்லோரும் இறங்கினார்கள். சராசரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கால் வைத்தார்.

கடைசி பெஞ்சில், சுவரோரம், அக்கா உட்கார்ந்திருந்தாள்.

வலது பக்கமாக அவளை நெருங்கினார். அவள் திரும்பவில்லை. குனிந்து நின்றார். ஜன்னல் வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலடி கேட்டு முகத்தைத் திருப்பியவள், கோட்டைத் தடவிப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினாள்.

“டாக்டருங்களா? ஐயா, இன்னைக்காவது என்னைப் பார்ப்பீங்களா?” என்றாள்.

தம்பியைப் பார்த்து. தூக்கி வளர்த்தவள், நடையை வைத்தே மாடிப்படியில் வருவது அவர்தான் என்று சொல்லக்கூடியவள், யாரோ ஒரு பெரிய மனிதரிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். அந்தக் குரலை அவர் இதற்குமுன் கேட்டதே கிடையாது.

“அக்கா... நான்தான்கா.”

“நீயாடா?” அவள் முகம் ஒரு நொடி வெட்கப்பட்டது, பிறகு பழையபடி ஆனது. “மேல உனக்கு விழா இல்ல? போ, போ. நீ ஏன் இங்க வந்து வரிசையோட இயல்பைக் கெடுக்கிற?”

விருந்தாளிகளைத் தலைவர் மாடிக்கு நகர்த்திக்கொண்டு போய்விட்டார். சராசரி கவுன்டருக்கு ஓடினார். “அந்த அம்மா எத்தனை நாளா வர்றாங்க?”

நர்ஸ் திரையைத் தட்டிப் பார்த்தார். “இன்னைக்குத்தான் சார் முதல் தடவை.”

“முன்னாடியும் வந்திருக்காங்கம்மா! எங்க வீட்லதான் இருக்காங்க!”

“வந்திருப்பாங்க சார். பார்க்காம போனவங்கள மெஷின் அழிச்சிடும். நீங்க எழுதிக் குடுத்ததுதானே?” நர்ஸ் குத்திப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

எடுகோள் மூன்று வார்த்தைக்கு வார்த்தை அவர் மனசில் ஓடியது. போனவர்களை அழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினால் சராசரி இறங்காமல் என்ன செய்யும்? அதிக நேரம் காத்திருந்து, அலுத்துப்போய் எழுந்தவர்கள் யாரோ, அவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கணக்கிலிருந்து துரத்திவிட்டு, காத்திருப்பு குறைந்தது என்று மாடியில் விருது வாங்கப் போகிறார். எதிர் அறைக்காரர் டீயோடு கேட்டது அதைத்தான். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யாத தப்பு, டாக்டர் பட்டம் வாங்கியவர் செய்தார்.

டாக்டர் அறைக் கதவில் கை வைத்தார். முன்னால் இருந்த பெஞ்சுகள் ஒரே குரலில் எழுந்தன.

“ஓய், கோட்டு! வரிசையில வாய்யா!”

“படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க, அறிவு வேண்டாம்?”

சராசரி அப்படியே நின்றார். யாரையும் திட்டவில்லை, யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. கை தானாகக் குவிந்தது. “என் அக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. என்னாலதான். தயவு பண்ணி விடுங்க” என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அழுதார்.

சொட்டு மருந்துக்கு வந்திருந்த ஒருவர் கடைசி பெஞ்சை எட்டிப் பார்த்தார். “யாரு, அந்த அம்மாவா? நான் மருந்துக்கு வர்றப்பல்லாம் அதே இடத்துல இருக்குமே! விடுங்கப்பா, முதல்ல போகட்டும்” என்றார். பெஞ்சுகள் முணுமுணுத்துவிட்டு ஒதுங்கின.

அக்காவின் கண்ணில் மருந்து விட்டு, விரியட்டும் என்று உள்ளே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார் சராசரி. மாடியில் ஒலிபெருக்கி அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அழைத்தது.

“உன்னைத்தான்டா கூப்பிடுறாங்க” என்றாள் அக்கா.

“கூப்பிடட்டும்.”

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. ‘அடுத்து’ என்று வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். கைத்தட்டல் கேட்டது.

டாக்டர் வந்து வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “சர்க்கரையால கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்கு. இடது கண்ணைக் காப்பாத்திடலாம், இன்னைக்கே லேசர் பண்ணிடறேன். வலது கண்ணு இனி வராது.” சீட்டில் எழுதிக்கொண்டே, எல்லா டாக்டர்களும் கேட்கிற அதட்டலோடு கேட்டார். “நூல் நூலா தெரிஞ்சப்பவே வந்திருக்க வேண்டாமா? இத்தனை நாள் ஏம்மா வரலை?”



“வந்தாங்க டாக்டர். நான்தான் எண்ணலை” என்றார் சராசரி.

டாக்டருக்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விசும்புகிற தம்பியின் பக்கம் அக்கா முகத்தைத் திருப்பினாள். வலது பக்கம் இருந்ததால் அவர் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இடது கண்ணில் அவர் அகப்பட்டார்.

“எதுக்குடா அழற? ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு. கூட்டி ரெண்டால வகுத்துக்கோ. சராசரியா பார்த்தா எனக்குப் பாதிப் பார்வை இருக்கு, இல்லையா?”